வாசிலின் கோட்டு

பைஜாமா சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து கீழ் விளிம்புவரை நேராக வெட்டிவிடுங்கள், அப்போதுதான் ஆளைத் தூக்காமலே மாற்ற முடியும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பாலின் கத்தரிக்கோலைக் கையில் எடுத்து ஐந்து நிமிடமாகிவிட்டது. சட்டையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்துப் போட்டு, முதுகின் நடுவில் சோப்புத் துண்டால் கோடுகூடப் போட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் சட்டை ஃபாக்டரியில் வேலை பார்த்தவள். நல்லபடியாக இருக்கிற சட்டையை வெட்டக் கை வரவில்லை.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வெட்டு," என்றார் மைரன், கட்டிலிலிருந்து. முன்னறையில் சோஃபாவை நகர்த்திவிட்டு அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டு மூன்று வாரமாகிறது.

"வெட்டிட்டா அப்புறம் எதுக்கும் ஆகாது. தூக்கித்தான் போடணும்."

"நான் மட்டும் எதுக்கு ஆவேன்?"

"உன்னத் தூக்கிப் போடவும் நாலு பேரு வேணும். சட்டைக்கு நான் ஒருத்தி போதும்."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமலாகத்தான் வந்தது. அது அடங்கியதும் சொன்னார்: "நடுவுல வெட்டாத. ஓரத் தையலப் பிரி. அது சங்கிலித் தையல்தானே? நுனியப் புடிச்சு இழுத்தா அக்குள் வரைக்கும் மொத்தமா வந்துடும்."

"எனக்கே சொல்லித் தரியா?"

நாற்பது வருஷமாக அந்த வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம் அதுதான். மைரன் மிலிட்ஸ்கி வேலை பார்த்தது சிமென்ட் லாரிப் பட்டறையில். பழைய வேலைச் சட்டைகளையும் கோட்டுகளையும் சேர்ப்பது அவர் பைத்தியம். சுரங்கக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், பண்ணையாட்கள் போட்டுக் கிழித்தவை. இடிக்கப்போகும் வீடுகளின் மச்சிலிருந்தும், சுவருக்குள் குளிருக்காக அடைத்து வைத்த கந்தல் மூட்டைகளிலிருந்தும் எடுத்துவருவார். பக்கத் தையல் முடியும் இடத்தில் வைத்த முக்கோணத் துண்டு, கழுத்தடிப் பட்டை, துணியின் கரை உள்பக்கம் தெரிகிற பட்டன்பட்டி என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். துணி முடிந்த பிறகும் மிஷின் ஓடி, விளிம்பில் வால்போலத் தொங்கும் நூலைக் கண்டால் அவருக்குக் கண் கலங்கிவிடும். "இந்த வாலுக்காக எங்க சூப்பர்வைசர் என் சம்பளத்த அரைநாள் புடிச்சிருக்கா, நீ கும்பிடுற," என்பாள் பாலின்.

அவள் சட்டையின் விளிம்பில் நுனியைத் தேடி எடுத்து இழுத்தாள். பர்ர்ரென்று ஓரம் முழுக்க வாய் திறந்தது. மறுபக்கமும் இழுத்தாள். பிறகு அவரை ஒருக்களிக்க வைக்காமலே சட்டையைப் போட்டுவிட்டாள். விலா எலும்பில் கை பட்டபோது துணிமேல் தடவுவதுபோலத்தான் தடவினாள்.

"பாலி."

"என்ன?"

"பெட்டியில இருக்கறத என்கூட வச்சிடு."

எது என்று அவள் கேட்கவில்லை. மாடியில் இரண்டு அறை நிறையத் தொங்கும் துணிகளில் எதையும் அவர் பெட்டியில் வைத்ததில்லை. தேவதாருப் பெட்டியில், பஞ்சுப் போர்வைகளுக்கு அடியில் இருப்பது ஒன்றே ஒன்று.

"கால்மேல போட்டு விடு. சவப்பெட்டி மூடியில மேல்பாதியத்தான தொறந்து வைப்பாங்க. கீழ என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"அவகிட்டக் குடுத்துடலாமே, மைரன்."

"இப்பவா? பதினோரு வருஷம் கழிச்சா? என்ன சொல்லிக் குடுப்ப?"

"உள்ளதச் சொல்லி."

"நாளைக்கு என்னப் பாக்க வர்ற ஜனம் எல்லாம் அதத்தான் பேசும்."

"நீ கேக்கவா போற?"

"நீ கேப்பியே."

ஜன்னலுக்கு வெளியே சுரங்கக்கழிவு மேட்டின் உச்சியில் முந்தின நாள் விழுந்த பனி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. விடுவித்துக்கொள்ளச் சுலபமாக இருந்ததால்தான் அவளால் முடியவில்லை.

"வைக்கிறேன்னு சொல்லு."

"சரி. வைக்கிறேன்."

அதன்பிறகு அவர் பேசவில்லை. பதினொரு மணிக்கு நாக்கின் அடியில் மருந்து விட்டாள். பன்னிரண்டரைக்கு சூப்பைச் சிறுதீயில் வைத்துவிட்டுத் திரும்பியபோது மூச்சு சத்தம் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். நாடி பார்க்க அவளுக்குத் தெரியும். ஃபாக்டரியில் வெயில் நாளில் மயங்கி விழுகிறவர்களுக்குப் பார்த்திருக்கிறாள். பார்த்தாள். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் தலைமாட்டில் வைத்தாள். நர்ஸுக்குப் போன் செய்தாள்.

அந்தக் கோட்டு வந்த கதையில் மறைக்க எதுவும் இல்லை. மறைத்தது எல்லாம் பிறகுதான்.

தெக்லா சபோல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் மகன் யூஜின் வீட்டு மச்சைக் காலி செய்தான். படி ஏறும் வேலை இனி அம்மாவுக்குக் கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தான். பழந்துணி என்றால் மைரனைக் கூப்பிடு என்பது ஊருக்கே தெரியும். மைரன் மூன்று பெட்டிகளை வாங்கிவந்தார். இரண்டாவது பெட்டியின் அடியில், காகிதம் சுற்றி, அது இருந்தது.

அன்று சமையலறையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றது பாலினுக்கு நினைவிருக்கிறது. கருநீல டெனிம், உள்ளே கோடு போட்ட கம்பளி, கார்டுராய் காலர். நாலு பாக்கெட்டும் நாலு அளவு. மேல் பாக்கெட்டில் கடிகாரச் சங்கிலி நுழைய ஒரு சாய்ந்த காஜா. பட்டன்கள் தைக்கப்படவில்லை, பின்னால் வளையம் போட்டு மாட்டியிருந்தன, துவைக்கும்போது கழற்றி வைப்பதற்கு. எல்லா மூட்டிலும் மூன்று வரிசைத் தையல். சுரங்கக் கம்பெனியின் கடை நூறு வருஷத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தைக்கச் சொல்லித் தன் ஆட்களுக்கு மட்டும் விற்ற கோட்டு. பழைய விளம்பரத்தாளில் படமாகப் பார்த்திருந்தாரே தவிர, ஒன்றுகூட மிஞ்சியிருக்கும் என்று அவர் நம்பியதில்லை.

தெக்லாவின் புருஷன் வாசில் சபோலுக்கு அது அவன் அப்பாவிடமிருந்து வந்தது. ஐம்பத்தெட்டாம் வருஷம் மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் வெயில் அடித்ததால், கோட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குப் போனான். மதியம் அவன்மேல் கூரை விழுந்தது. சவப்பெட்டியைத் திறக்கவில்லை. தெக்லாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், நாலுகால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு அவள் இந்த வீட்டுப் படிக்கு வந்தாள். பாலின் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டு வாசலில் நடந்த பேச்சைக் கேட்டாள்.

"யூஜின் தெரியாமக் குடுத்துட்டான், மைரன். மத்ததெல்லாம் நீயே வச்சுக்கோ. அந்தக் கோட்ட மட்டும் குடு."

"அடடா. அத வித்துட்டேனே தெக்லா. பழந்துணி வாங்க ஜப்பான்லேருந்து ஒருத்தர் வருவாரே, அவரு எடுத்துட்டுப் போயிட்டார்."

தெக்லா ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு போனாள்.

"ஒரு வாரம்தான் பாலி," என்றார் அவர், சமையலறைக்கு வந்து. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "படம் எடுத்து, அளவெடுத்து வச்சுக்கறேன். அப்புறம் அவரு திருப்பி அனுப்பிட்டார்னு சொல்லிக் குடுத்துடறேன்."

அளவு எடுத்தார். தையல்களைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணி ஒரு நோட்டில் எழுதினார். ஒரு வாரம் ஆனது. அடுத்த வாரம் தெக்லா மறுபடி வந்து, ஜப்பான்காரருக்குக் கடிதம் எழுத முடியுமா என்று கேட்டாள். அதற்கும் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகு கொடுப்பதென்றால் இரண்டு பொய்யை ஒப்புக்கொண்டு கொடுக்க வேண்டும். வருஷங்கள் போகப் போகக் கோட்டின் கனம் கூடிக்கொண்டே போனது. கடைசி ஐந்தாறு வருஷம் மைரன் அதை வெளியே எடுத்துப் பார்த்ததே இல்லை.

பாலின் ஞாயிறுதோறும் கோவிலில் தெக்லாவுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் காலரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பதினோரு வருஷம் பாட்டுப் பாடினாள்.

ரால்ஃப் மைரனை அழைத்துப்போக வந்தபோது மணி மூன்று. பிணங்களைத் தயார் செய்யும் வேலை அவன் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்துக்கு. அவன் உதவியாளோடு மைரனைத் துணியில் சுற்றும்போது ஒரு நிமிடம் நிறுத்தினான்.

"சட்டையோட ஓரம் ரெண்டும் பிரிஞ்சிருக்கே?"

"நான்தான் பிரிச்சேன்."

"நாங்க வெட்டிடுவோம், பின்னால. அங்க போடறதையும் வெட்டித்தான் போடணும், பாலின். முன்னாடியே சொல்லிடறேன். அவரோட சேகரிப்புலேருந்து எதையாவது குடுத்து, அப்புறம் மனசு கஷ்டப்படாதீங்க."

"அதுல ஒண்ணு குடுத்து நீ கத்தரிய வச்சா, எந்திரிச்சு உன் கையப் புடிச்சிடுவான். கடையில வாங்கின வெள்ளச் சட்டை தரேன்."

"கூட வைக்க ஏதாவது உண்டா? சிலர் சீட்டுக்கட்டு வைப்பாங்க. தூண்டில் வைப்பாங்க."

"நாளைக்குக் கொண்டு வரேன்," என்றாள்.

சாயங்காலம் மாடிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். போர்வைகளைத் தரையில் வைத்துவிட்டு, கோட்டைக் கட்டிலில் விரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. மைரன் காட்டும்போதெல்லாம் அவர் விரல் போகும் இடத்தைப் பார்த்ததோடு சரி. இப்போது தன் விருப்பத்துக்குப் பார்த்தாள். மிஷின் வேலை நேர்த்திதான். அவளும் அதே மூன்று ஊசி மிஷினில் ஒரு நாளைக்கு நானூறு அக்குள் மூட்டியிருக்கிறாள். வலது தோள் இன்னும் மழைக்கு வலிக்கிறது. அவள் பார்த்தது மற்றதை. முழங்கையில் வைத்த ஒட்டு. அதைச் சுற்றி ஓடிய கைத்தையல். நீல நூல் தீர்ந்துபோய்ப் பாதியில் பழுப்பு நூலுக்கு மாறியிருந்தது. பாக்கெட்டுக்குள் கைவிட்டாள். உள்பை கிழிந்து, மாவுச்சாக்குத் துணியில் புதுப்பை போட்டிருந்தது. மாவு மில் பெயரின் இரண்டு எழுத்து இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. தையல் அவசரமாக, நீளம் நீளமாகப் போயிருந்தது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு தைத்த தையல்.

இதையும் மைரன் நோட்டில் எழுதியிருந்தார். தேடி எடுத்துப் படித்தாள். 'பிற்காலப் பழுது, கைவேலை, சுமார்.'

அவள் நோட்டை மூடி வைத்தாள். கோட்டை மடித்துக் காகிதப் பையில் போட்டாள்.

மறுநாள் காலை அந்தப் பையோடு வெளியே இறங்கினபோது, ரால்ஃபிடம் போகும் வழியும் தெக்லா வீட்டுக்குப் போகும் வழியும் கோவில் முனைவரை ஒன்றுதான். முனைவரைக்கும் அவள் முடிவு செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கையில் சூட்டும் வெள்ளைச் சட்டையும் இருந்தன, மறுகையில் பை. முனையில் திரும்பினாள். நடந்துகொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்: பெட்டியை ஒழிக்கும்போது கிடைத்தது, எனக்கே தெரியாது, திரும்ப வந்திருக்கும் போல. நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் சேதமில்லை.

தெக்லாவின் சமையலறை முழுக்க வெந்த முட்டைக்கோஸ் வாடை. மேசையில் இலைகள் அடுக்கடுக்காக வைத்திருந்தன. பெரிய பேசினில் அரிசியும் அரைத்த இறைச்சியும். மைரனின் சாவுச் சாப்பாட்டுக்குத்தான். ஊரில் யார் இறந்தாலும் முட்டைக்கோஸ் உருட்டுவது தெக்லாதான்.

"வா. கதவச் சாத்து, குளிரு," என்றாள். எண்பத்தொரு வயதுக்குக் குரல் கணீரென்று இருந்தது. "உக்காரு. தூங்கினியா?"

"கொஞ்சம்."

"ரொம்ப வலிச்சுதா அவருக்கு?"

"மருந்து குடுத்தாங்க. தூக்கத்துலதான் போச்சு."

"அது போதும். அப்படிப் போறதுக்கும் குடுத்து வைக்கணும்." ஓர் இலையை உள்ளங்கையில் விரித்து, ஒரு பிடி வைத்து, மடித்து உருட்டித் தட்டில் வைத்தாள். "கையில என்ன? என் தட்டா? அத எப்பவாவது குடுக்கக் கூடாதா, இன்னிக்குத் தூக்கிட்டு வந்திருக்க."

"தட்டு இல்ல. உன்னோடது."

பாலின் பையை நாற்காலியில் வைத்து, கோட்டை எடுத்து, மேசையின் காலியான ஓரத்தில் வைத்தாள். மடிப்பு தானாகக் கொஞ்சம் விரிந்தது. காலர் மேலே தெரிந்தது.

தெக்லாவின் கை அடுத்த இலையின்மேல் நின்றது. பிறகு எழுந்துபோய்க் குழாயில் கை கழுவினாள். சோப்புப் போட்டு, நகக்கண்வரை கழுவி, துடைத்து, வந்து உட்கார்ந்தாள். கோட்டை மடிக்கு இழுத்துக்கொண்டாள். முழங்கை ஒட்டில் விரலை வைத்தாள். பழுப்பு நூல் தொடங்கும் இடத்தில் விரல் நின்றது. பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. பாலின் எழுந்து தீயைக் குறைத்தாள். திரும்பி வந்தபோதும் தெக்லா அப்படியே இருந்தாள். காலரை முகர்ந்தாள், அக்குளை முகர்ந்தாள், உள்ளே இருந்த கம்பளியைத் திருப்பி முகர்ந்தாள்.

"மரப்பெட்டி வாசன," என்றாள்.

"தேவதாருப் பெட்டியிலதான் இருந்துச்சு. பூச்சி வராம இருக்க."

"நான் காயிதம் சுத்தித்தான் வச்சிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவதான் திறப்பேன். வாசன போயிடும்னு." அவள் மறுபடி ஒருமுறை முகர்ந்தாள், சரிபார்க்கிறவள்போல. "ஒண்ணுமே இல்ல இதுல."

தெக்லா கோட்டை மடியில் இறக்கினாள்.

"எங்க கெடச்சுது?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் வாய்வரைக்கும் வந்தது.

"எங்கயும் போகல. எங்க வீட்டுலயேதான் இருந்துச்சு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்லேருந்தே தெரியும்."

தெக்லா தலையை ஆட்டினாள். ஒப்புக்கொள்கிற ஆட்டல் இல்லை; கணக்குப் போடுகிற ஆட்டல்.

"யூஜினுக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசு. மரக்கரண்டியால அடிச்சேன். அவன் பொண்டாட்டி எதிர்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். ரெண்டு வருஷம் இந்த வீட்டுப் படி ஏறல. கிறிஸ்துமஸுக்கு நான் தனியாச் சாப்பிட்டேன், ரெண்டு வருஷம். நீ ஒரு கேக்கு கொண்டுவந்து குடுத்த."

"ஆமா."

"பிள்ளைங்க அப்படித்தான், மனசுல வச்சுக்காத, அவனக் கூப்பிடுன்னு எனக்குப் புத்தி சொன்ன."

"ஆமா, சொன்னேன்."

"இங்க உக்காந்துதான் சொன்ன. இதே நாற்காலியில."

பாலின் தன் மடியிலிருந்த மைரனின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். காலர் நுனியைச் சரியாகத் திருப்பாமல் தைத்திருந்தார்கள். "தெக்லா, நான்..."

"வேணாம்." குரல் உயரவில்லை. கோட்டை எடுத்துப் பக்கத்து நாற்காலி முதுகில் மாட்டினாள். தோள் சரியாக உட்காரும்படி இழுத்துவிட்டாள். பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாளைக்கு நூறு பேருக்கு வேணும்னு ஃபாதர் சொல்லியிருக்கார். அரிசி ஆறுது. நீ போ."

"நானும் கொஞ்சம் உருட்டட்டுமா?"

"நீ தொட வேணாம்."

பாலின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கி, சூட்டைக் கொடுக்க ரால்ஃபிடம் போனாள். கூட வைக்க என்ன கொண்டுவந்தீர்கள் என்று அவன் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

அன்று மாலை ஊர் முழுக்க வந்து மைரனைப் பார்த்துவிட்டுப் போனது. பெட்டியின் மேல்பாதி மூடி திறந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் அவர் வரி அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறவர்போல இருந்தார். நல்ல மனுஷன் என்றார்கள். ஒரு சொல் தப்பாகப் பேசினதில்லை என்றார்கள். பாலின் எல்லோருக்கும் கை கொடுத்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் பார்த்தாள். தெக்லா வரவில்லை. வேறு முகங்களில் ஏதாவது தெரிகிறதா என்றும் பார்த்தாள். தெரியவில்லை. தெக்லா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அல்லது இன்னும் சொல்லவில்லை.

கூட்டம் குறைந்ததும் லியோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்தவன், மைரனுக்குச் சேகரிப்பில் கூட்டாளி, போட்டியாளன். அழுது மூக்கு சிவந்திருந்தது.

"பாலின், இது கேக்கற நேரமில்ல."

"அப்போ கேக்காத."

"ஒரே ஒண்ணு. அந்தக் கம்பெனிக் கடைக் கோட்டு. ஒரு தடவ, ஒரே தடவ எனக்குக் காட்டினான். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் அம்மா மேல சத்தியம் வாங்கினான். அத நல்ல எடத்துல சேக்கணும். மியூசியம் மாதிரி. உலகத்துலயே அது ஒண்ணுதான்."

"சேத்தாச்சு."

"யார்கிட்ட?"

"அத சொல்லமாட்டேன், லியோ."

அவன் பெட்டியைப் பார்த்தான். மூடியிருந்த கீழ்ப்பாதியில் அவன் கண் தங்கியது. "கூட வச்சிட்டியா?" என்றான், கிட்டத்தட்ட மூச்சில்.

பாலின் எழுந்து பெட்டி அருகே போனாள். மைரனின் டை கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது, நேராக்கினாள். மூடிய மூடியின் பளபளத்த மரத்தின்மேல், அவர் முழங்கால் இருக்கும் இடத்தில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. லியோ பின்னால் நின்று மூக்கைச் சிந்தினான்.

அடக்கத்தன்று காலை பனி லேசாகத் தூவிவிட்டு நின்றிருந்தது. கோவில் வாசலில் யூஜின் இரண்டு பெரிய அலுமினியத் தட்டுகளைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். மேலே மூடிய துணியை விலக்கி எண்ணிக்காட்டினான். நூற்றுப்பத்து.

"அம்மா வரலையா?" என்றாள் பாலின்.

"இல்ல. காலையிலேருந்து துணி துவைச்சுக்கிட்டு இருக்காங்க. இன்னிக்கா துவைக்கிறதுன்னு கேட்டேன். இன்னிக்குத்தானாம்." அவன் தோளைக் குலுக்கினான். முகத்தில் எதுவும் இல்லை. "வயசாயிடுச்சு, பாலின். மனசுல வச்சுக்காதீங்க."

கோவிலில் அவளுக்கு முன்வரிசை காலியாக இருந்தது. பாட்டுக்கு எழுந்து நின்றபோது, பதினோரு வருஷத்தில் முதன்முறையாகப் பீடம் முழுசாகத் தெரிந்தது.

கல்லறைக்குப் போகும்போது சவ வண்டிக்குப் பின்னால் லியோவின் கார். லியோ ஓட்டினான், பாலின் பக்கத்தில். பின்னால் இருபது வண்டிகள், எல்லாம் விளக்கு போட்டபடி. தெக்லா வீட்டுக் கொல்லை தெருவைப் பார்த்து இருந்தது. வளைவில் ரால்ஃப் வண்டியை மெதுவாக்கினான்.

கொடியில் இரண்டு பாத்திரத் துணிகளுக்கு நடுவில் கோட்டு தொங்கியது. பட்டன்களைக் கழற்றியிருந்தாள். காலரைத் தூக்கிவிட்டு, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டிருந்தாள், உள்ளேயும் காய்வதற்கு. கை இரண்டும் நீரின் கனத்தில் நீண்டு நின்றன.

கார் ஒரு பக்கம் இழுத்தது. லியோ சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்தான். "பாலின்." அவன் குரல் உடைந்தது. "பாலின், அந்தக் கொடியில..."

"தெக்லா துணி காயப்போட்டிருக்கா."

"துவைச்சிட்டாளா? அதப் போய்... தண்ணியில போட்டுட்டாளா? நிறுத்தட்டுமா?"

"பாத்து ஓட்டு, லியோ. பின்னால ஆளு வர்றாங்க."

தெக்லா கொடியருகே நின்றிருந்தாள், வாயில் இரண்டு கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு. சவ வண்டி கடந்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டின் விளிம்பை ஒரு கையில் பற்றி முறுக்கிப் பிழிந்தாள். கரித்தூள் கலந்த தண்ணீர் அவள் காலடிப் பனியில் கறுப்பாகச் சொட்டியது. விளிம்பை விட்டு, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, மறுபடி பிழிந்தாள்.